கட்டிலிலிருந்து தெரியும் அடுப்பு

– இந்த இடம் ஆகாது சார். தலைக்கு மேல மர அலமாரி, பக்கத்துல ஜன்னல் திரை. இங்க அடுப்பைப் பொருத்திட்டு நான் வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்க முடியாது.

– கேளுப்பா, திரையைக் கழட்டிடறேன்.

– அலமாரியை?

– அது வீட்டுக்காரர் அடிச்சது. ஆணியைத் தொட்டாலே குதிப்பாரு.

– அப்ப மேடையோட அந்தக் கடைசிக்குப் போயிடலாம் சார். மேல ஒண்ணும் இல்ல, சுவர்லேருந்தும் தள்ளி வைக்கலாம்.

– அங்க வச்சா அவளுக்குத் தெரியாதேப்பா.

– யாருக்கு?

– என் சம்சாரத்துக்கு. இப்படி வந்து நில்லு. கதவு வழியா கட்டில் தெரியுதா? படுத்தபடியே அடுப்பைப் பார்ப்பா. "தீயைக் குறைங்க, வெங்காயம் கருகுது"ன்னு அங்கேருந்தே குரல் வரும். கேளுப்பா, இங்க கைதான் என்னுது. சமையல் அவளுது.

– கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினா?

– அந்த ரூம்ல அது வேற எங்கயும் நிக்காது. பழைய அடுப்பும் இங்கதானே இருந்தது, என்ன ஆச்சு?

– அண்ணாந்து பாருங்க சார். அலமாரியோட அடிப்பலகை கரியாப் போயிருக்கு. தப்பிச்சது உங்க நல்ல நேரம்.

– தீயைச் சின்னதா வச்சுக்கறேன்.

– எண்ணெய் பத்திக்கிட்டா அது உங்களைக் கேட்டா எரியும்?

– மெல்லப் பேசு... டாக்டர் கையை விரிச்சுட்டாருப்பா. அவளுக்குத் தெரியாது. "நீ எழுந்து வந்து சமைக்கத்தான் புது அடுப்பு"ன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

– ஐயோ... சார்.

– இருக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டு, என்னைத் திட்டிக்கிட்டு இருக்கட்டுமே. இதைக்கூடச் செய்ய முடியலன்னா நான் எதுக்கு?

– மனசு சரிங்குது சார். கை வர மாட்டேங்குது. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிட்டா?

– ஏங்க! அங்க என்ன குசுகுசு?

– ஒண்ணும் இல்லடி. தம்பி இடம் பார்க்கறாரு.

– தம்பி, எங்க வைக்கணும்ங்கறே?

– அந்தக் கடைசிலம்மா. ஆனா அங்க வச்சா உங்களுக்குத் தெரியாது.

– அங்கேயே வைப்பா.

– நீ சும்மா இரு! அப்புறம் எனக்கு யாரு சொல்றது? நீ எழுந்து வர்ற வரைக்கும்...

– நான் எழுந்து வரப்போறதில்லன்னு எனக்குத் தெரியுங்க. நான் இருக்கும்போதே, நான் பார்க்காம சமைக்கப் பழகிக்குங்க.