இருபத்திரண்டு கயிறுகள்

பழைய நோட்டு சேகரிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை சார். விரல் பிசுக்கு பட்டால் தாள் சீக்கிரமே பழுத்துவிடும்.

நான் இதில் இறங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைப் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுப்பேன். பதினேழு வருடத்தில் ஒரு புகார் கிடையாது. கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட நம் வேலைதானே என்று நினைத்தேன். அசல் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வாட்டர்மார்க் தாளுக்குள்ளேயே தெரியும். போலியில் மேலே பூசியதுபோல் இருக்கும். ஊதா விளக்கின் கீழே அசல் தாள் சாதுவாகக் கிடக்கும். சாதாரண வெள்ளைத் தாள் பளீரென்று பல்லிளிக்கும். நகத்தால் வருடினால் மை தட்டுப்பட வேண்டும். இதெல்லாம் முதல் மாதத்திலேயே எனக்கு மனப்பாடம்.

பாய்மரக் கப்பல் படம் போட்ட பழைய நோட்டு ஒன்றை வாங்கியபோது இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. சந்தையில் மழை பிடித்துக்கொண்டது, விற்றவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார், எனக்குக் கை பரபரத்தது.

நூலகத்தின் பின் அறையில் மாதம் ஒரு முறை எங்கள் சங்கம் கூடும். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அங்கே பல் டாக்டர் சொன்னால் சொன்னதுதான். அவர் கண்ணில் போலி தப்பியதே இல்லை. அவரிடமும் ஒரு கப்பல் நோட்டு உண்டு. என்னுடையதை வாங்கி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“பாய்மரத்துல இருபத்திரெண்டு கயிறு தனித்தனியா தெரியணும். உங்களுதுல எல்லாம் புள்ளி புள்ளியா, புகை மாதிரி இருக்கே. யாரோ ஜெராக்ஸ் எடுத்து உங்க தலையில கட்டிட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஜெராக்ஸ். “ஜெராக்ஸ் வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?” என்பார்கள்.

நான் கோபப்படுகிறவன் இல்லை. நிதானமாக யோசித்தேன். குறை நோட்டில் இருக்கலாம். பார்க்கிற கண்ணிலும் இருக்கலாம். நோட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன் நான்.

பிரேம் தளர்ந்துவிட்டது என்று அவரே ஒரு நாள் வந்தார். கண்ணையும் பார்த்துவிடலாம் என்று உட்கார வைத்தேன். கிட்டத்தில் பார்ப்பதற்கான பவரில் கால் குறைத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

“கொஞ்சம் கலங்கலா இருக்கே?”

“புதுக் கண்ணாடி டாக்டர், பழகிடும்.”

“கண் விஷயத்துல நீங்க சொன்னா சரி.”

நல்ல மனிதர். அடுத்த தடவை அரை குறைத்தேன். மூன்றாவது தடவை இடது லென்ஸைப் பத்து டிகிரி திருப்பி வைத்தேன். நான்காவதில் இரண்டையும். ஒன்றுக்குக்கூடக் கூலி வாங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பகல் முழுக்கப் பல் பிடுங்குகிறவர் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் பல், கயிறுபோல அவ்வளவு மெல்லியது இல்லையே என்று நினைத்தேன். கால்பந்து நடுவர் ஒருவருக்கு நல்ல முன்பல் இரண்டு போயிற்று. இப்போது அவர் விசில் ஊதினால் காற்றுதான் வருகிறதாம், ஆட்டம் நிற்பதே இல்லையாம். இப்படி நல்ல பல் போனவர்கள் மொத்தம் பதினொரு பேர் என்கிறீர்கள். நான் ஒன்பது என்று நினைத்திருந்தேன்.

என் மனைவிக்கு இடது கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. “என்னங்க, நம்ம டாக்டர்கிட்டயே போயிடலாம்” என்றாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். சங்கக் கூட்டத்துக்கு ஆறே நாள் இருந்தது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்தாள். வலி தாங்காமல் மூன்றாம் நாள் மறுபடியும் போனாள். நானே வண்டி பிடித்து ஏற்றிவிட்டேன். அன்று கீழ்வரிசையில் ஒன்று போயிற்று. வலித்த பல் இன்னும் அவள் வாயில்தான் இருக்கிறது.

கூட்டத்தில் என் நோட்டையும் டாக்டருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். தாளை மூக்கு வரைக்கும் கொண்டுபோனார். சுற்றி எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கு” என்றார் கடைசியில். “இருபத்திரெண்டும் இருக்கு. என்னுதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அன்னிக்கு நான்தான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு யாரும் என்னை ஜெராக்ஸ் என்று கூப்பிடவில்லை.

கடையில் டாக்டரின் அட்டையை என் மனைவிதான் பார்த்தாள். அவர் கண்ணுக்குத் தேவையான பவர் ஒரு வரியில், நான் போட்டுக் கொடுத்த பவர் அடுத்த வரியில். தொழிலில் ஒளிவுமறைவு கூடாது என்று இரண்டையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“தெரிஞ்சேவா என்னை அனுப்புனீங்க?”

“ஆறு நாள் பொறுத்திருக்கலாம் இல்ல நீ?” என்றேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி சார், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். என் நோட்டைப் போட்டு வைத்திருக்கும் உறையின் மேல் ‘போலி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். டாக்டரே பார்த்துச் சொன்ன பிறகு அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?