பிள்ளைகள் பேச்சின்மேல் ஒரு வர்ணனை

மேடையில் அமர்ந்திருக்கும் திரைப்படச் சங்கத் தலைவர் அவர்களே, அம்மாவை இழந்து நிற்கும் மகளே, வேலை முடிந்த கையோடு நேரே வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே! இந்த ஆண்டில் நான் பேசும் ஐந்தாவது இரங்கல் கூட்டம் இது. களைத்துவிட்டேன். ஆனாலும் நம் படக்காரக்காவுக்காகப் பேசாமல் இருக்க முடியுமா?

அவர் படத்தில் வரும் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஆவணப்பட இயக்குநர் என்று நாம் சொன்னோம். படக்காரக்கா என்று அவர்கள் கூப்பிட்டார்கள். ஓராண்டு முழுக்க ஒரே தெருவில் நின்று, பிள்ளைகள் பல் தேய்ப்பதையும் செருப்புக்குச் சண்டை போடுவதையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். யார் எடுத்தார்கள் அப்படி? யாருக்கு இருந்தது அந்தப் பொறுமை? மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி.

அந்த அருமையான படத்தைக் கெடுத்தவன் யார் தெரியுமா? உங்கள் முன் நிற்கும் நான்தான்!

வர்ணனை இல்லாமல் படத்தை வெளியிட முடியாது என்றார் தயாரிப்பாளர். கணீரென்ற குரல் என்று, வானொலியில் பேசிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு காட்சியில் ஒரு சிறுமி தம்பியின் தலையைப் பிடித்து, திட்டிக்கொண்டே வாருகிறாள். அவள் பேச்சை அமுக்கிவிட்டு, "நாளைய உலகின் சிற்பிகள் இவர்கள்!" என்று முழங்கினேன். அவள் தேடிக்கொண்டிருந்தது பேன்! சிற்பியாம், சிற்பி!

அக்கா என்னைக் கோபித்ததே இல்லை. போன மாதம் மருத்துவமனையில், பிள்ளைகளின் பேச்சு மட்டும் பதிவான ஒலிநாடாவை என் கையில் கொடுத்தார். "படத்துலேருந்து உங்க குரலை நீங்களே எடுத்துடுங்க தம்பி. வேற யாராவது எடுத்தா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்றார்.

"ஒரு வாரத்துல முடிச்சுடுறேன்க்கா" என்றேன். முடித்தேனா? இல்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். வானொலியில் நான் பேசியதெல்லாம் அழிந்துவிட்டது. என் குரல் மிஞ்சியிருப்பது இந்தப் படத்தில் மட்டும்தான். அதை அழிக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் பேச்சைப் படத்தோடு கேட்காமலே அக்கா போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது.

மகளே, உன் அம்மா விட்டுப்போன வேலையை நான் முடிப்பேன். உடம்பு ஒத்துழைக்கவில்லைதான், ஆனாலும் முடிப்பேன். ஒவ்வொரு காட்சிக்கும் அந்தந்தப் பேச்சைப் பொருத்திப் புதுப் பிரதி எடுக்கும்வரை வேறு மேடை ஏறமாட்டேன். இது உறுதி!

இப்போது படம் போடுவார்கள். படத்தின் ஒலியை அடைத்துவிட்டு, நாடாவைத் தனியாக ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். உதடும் பேச்சும் சற்று முன்பின்னாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் உங்களோடு கீழே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் பேசுவதை முதல்முறையாகக் கேட்கப்போகிறேன்.