ஏற்கனவே

உங்கள் மேசை விசிறி இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ‘டக்’கென்று ஒரு சத்தம் வருகிறது, சார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். என் மாமனார் வீட்டிலும் இப்படித் தலையாட்டிக்கொண்டே இருக்கிற ஒன்று உண்டு. அது நான்தான்.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு அவருடையது, கார் அவருடையது, கோபம் வந்தால் என் மனைவியும் அவருடைய மகள். எங்கள் மாடியறைக்கு ஏறும் படிக்கட்டு அவர் நாற்காலியைத் தாண்டித்தான் போகும். நான் படித்த நிலத்தடி நீர்ப் படிப்பு மட்டும் என்னுடையதாக இருந்தது. பிறகு அதையும் கேட்டார்.

குன்றுச்சரிவில் கல்குவாரி தொடங்க அவர் விண்ணப்பித்திருந்தார். அதற்கு முன் கீழ்த்தெருக் கிணறுகளைச் சோதித்து, குவாரி வந்தால் தண்ணீர் என்ன ஆகும் என்று அறிக்கை தர வேண்டும். மாமனார் குவாரிக்கு மருமகன் எழுதலாமா என்று கேட்பீர்கள். கையெழுத்து வேறொருவருடையது. எழுத்து மட்டும்தான் என்னுடையது.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் நன்றாக இருந்தது. அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. பாறைக்கு வைக்கிற வெடிமருந்திலிருந்து நைட்ரேட் கசிந்து மண்ணுக்குள் இறங்கும். நல்ல தண்ணீரில் அது கலந்தால், வெள்ளைச் சட்டையில் மை கொட்டிய மாதிரி அடுத்த சோதனையிலேயே தெரிந்துவிடும். குவாரியை இழுத்து மூடச் சொல்வார்கள்.

“சட்டை ஏற்கனவே அழுக்கா இருந்தா, மாப்பிள்ளை?” என்றார் மாமனார். செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எங்கள் தொழிலில் ‘ஏற்கனவே’ போல உழைக்கிற சொல் வேறில்லை, சார். ‘குவாரியால் நீர் கெட்டது’ என்றால் வழக்கு. ‘நீர் ஏற்கனவே கெட்டிருந்தது’ என்றால் அறிவியல். குவாரிக்கு முன்னால் எடுக்கிற அளவோடுதான் பின்னால் வருவதையெல்லாம் ஒப்பிடுவார்கள். அந்த முதல் அளவே மோசமாக இருந்தால், குவாரிதான் கெடுத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

நைட்ரேட் உரக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் அதைக் கிணற்றில் நேராகக் கொட்டுவது சின்னப்பிள்ளைத்தனம். மாதிரி எடுக்க வரும் ஆய்வாளர் அம்மா விதிப்படி நடப்பவர். மோட்டாரைப் போட்டு, தேங்கிய தண்ணீரையெல்லாம் ஓடவிட்டு, புதிதாக ஊறி வருவதைத்தான் பாட்டிலில் பிடிப்பார். ஆகவே ஊற்றே கெட்டிருக்க வேண்டும். சரிவின் மேலே கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. பட்டப்பகலில், தலைக்கவசமும் ஆரஞ்சு மேலங்கியும் போட்டுக்கொண்டு, உரத்தைக் கரைத்துக் கரைத்து அதில் ஊற்றினேன். அந்த மேலங்கி போட்டவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. வழியில் போன ஒருவர் மட்டும், “எங்க தெருவுக்கு எப்ப சார் பைப் வரும்?” என்றார். சீக்கிரம் என்றேன்.

மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. முடிவைப் பார்த்த ஆய்வாளர் அம்மா முகம் சுளித்தார். “கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு உடனே சொல்லிடுங்க. இவ்வளவு நைட்ரேட் போனா பச்சப்புள்ளைக்கு உடம்பே நீலம் பாரிச்சிடும். கிணத்தடியில ஒரு போர்டு வைங்க” என்றார். அந்தப் பொறுப்பு எனக்கு. “அனுமதி வரட்டும், மாப்பிள்ளை. இப்ப வச்சா ஆளாளுக்குத் தோண்டித் துருவுவாங்க” என்றார் மாமனார். போர்டு இன்னும் கார் டிக்கியில் இருக்கிறது. எழுத்து அழகாக வந்திருக்கிறது.

கீழ்த்தெருவில்தான் என் தங்கை குடியிருந்தாள். தெரியாமல் இல்லை. அவளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் வேறு தெருவில் வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். குழந்தை அவசரக்காரி, குறைமாதத்திலேயே வந்துவிட்டாள். தாய்க்குப் பால் சுரக்கவில்லை. புட்டிப்பால்தான். பால்மாவைக் கலப்பது கிணற்றுத் தண்ணீரில்.

“பாப்பாவுக்கு உதடெல்லாம் நீலமா இருக்குண்ணா” என்றாள் ஒருநாள்.

“குளிரா இருக்கும்.”

“வெயில் மண்டையப் பிளக்குது, குளிராம். நீதான் தண்ணி டாக்டராச்சே. தண்ணியில ஏதாச்சும் இருக்குமா?”

அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவளிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. தெரு முழுக்கத் தெரியும், பிறகு மாமனாருக்குத் தெரியும், பிறகு அந்தப் படிக்கட்டில் நான் எப்படி ஏறுவது? அவளோ பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“நல்லா கொதிக்க வச்சுக் குடு” என்றேன்.

கிருமிதான் கொதித்தால் சாகும், சார். நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மிச்சத்தில் அது இன்னும் கூடும். எங்கள் படிப்பில் இது பாலபாடம்.

“ஒரு கொதி போதுமாண்ணா?”

“பாதியா வத்தட்டும்” என்றேன். அரைகுறையாகச் சொன்னால் சந்தேகப்படுவாள்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். பாப்பா குடித்த கடைசிப் புட்டி வரைக்கும் பாதியாக வற்றவைத்துத்தான் கொடுத்தாள்.

நீங்கள் கண்டெடுத்த உரச்சாக்குகளை ஆழ்துளைக் கிணற்றின் பக்கத்திலேயே விட்டு வந்தது என் கவனக்குறைவு. அதை ஒப்புக்கொள்கிறேன். குப்பையை அங்கே போட்டிருக்கக் கூடாது.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தான். ‘எங்கண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், நான்தான் சரியா கொதிக்க வைக்கலையோ என்னமோ’ என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதவைச் சாத்தினாலும் கேட்கிறது பாருங்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். இன்றுவரை அவள் மனம் நோக நான் எதுவும் செய்ததில்லை.