இரவல் நடை

— மெதுவாப் பேசுடி ஹரிதா. உள்ளே மைக் டெஸ்ட் பண்ணிண்டிருக்கா, நீ கத்தறது லைப்ரரி முழுக்கக் கேக்கும்.

— கேக்கட்டும் தாத்தா! மேடத்தாண்ட போயி உண்மைய சொல்லிடறேன்னு நீங்க சொன்னா நா கத்தாம இன்னா பண்றது? அதோ பாருங்க, பேப்பர் படிக்கிற ரூம்ல என் சைக்கிள் நிக்குது. ஹேண்டில்ல ரிப்பன் கூட கட்டிட்டாங்க.

— பாத்தேன். பாத்ததுலேருந்துதான் உள்ளே போகாம இங்கேயே நின்னுண்டிருக்கேன்.

— ஆறாங்கிளாஸுக்கு நான் ரேணிகுண்டா ரோட்டு ஸ்கூலுக்குப் போவணும். நைனா ஆட்டோ எடுத்துக்கினு விடியறதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போய்டுது. அம்மா தையல் கடைக்குப் போய்டுது. நா நடந்தே போவணுமா?

— அதான் விஷயம். உனக்கு சைக்கிள் வேணும், நியாயம். ஆனா நாம அதை எப்படி ஜெயிச்சோம், அதைச் சொல்லு.

— போட்டியில ஜெயிச்சோம்.

— என்ன போட்டி? லீவுல ஒரு குழந்தையும் ஒரு பெரியவாளும் ஜோடி சேரணும். குழந்தை புஸ்தகம் படிச்சு லைப்ரரி ஸ்ரீப்ரியா மேடத்துகிட்டக் கதையைச் சொல்லணும். பெரியவா நடக்கணும், எத்தனை அடி நடந்தான்னு போன்ல ஏறணும். இதானே? நாம என்ன பண்ணினோம்? உன் புஸ்தகத்தையெல்லாம் நான் ஃபேனுக்கு அடியிலே உக்காந்து படிச்சு உனக்குக் கதையைச் சொன்னேன். என் போனை நீ இடுப்புல கட்டிண்டு பார்க்கைச் சுத்தி ஓடினே. பெருமாளே, எழுதிக் காட்டினா யாரும் நம்ப மாட்டா.

— நீங்கதான சொன்னீங்க, தப்பில்லன்னு? அலிபிரிலேர்ந்து மலைக்கு நடந்து வரேன்னு ஒருத்தர் வேண்டிக்கினா அவருக்காக இன்னொருத்தர் படி ஏறலியா, சாமி ஒத்துக்கலியான்னு. எனக்கு நல்லா நெனப்பு கீது.

— சொன்னேன். சோம்பேறித்தனத்துக்கு சாமியைத் துணைக்கு இழுத்தேன். மடப்பள்ளியிலே அத்தனை வருஷம் அண்டா பக்கத்துல நின்னே காலம் போச்சு. இனிமே உக்காரணும், ஒரு புஸ்தகத்தை முழுசாப் படிக்கணும்னு ஆசை. டாக்டர் நடன்னா காலு நகர மாட்டேங்கறது.

— அதுக்கு இப்ப ஏன் அழுவுற மாதிரி பேசறீங்க?

— உன்னை நினைச்சுத்தான். கார்வேட்டிநகரத்துலேருந்து வந்தப்போ தெலுங்குல ஒரு எழுத்துக்கு அடியிலே இன்னொண்ணு ஒத்தெழுத்தாத் தொங்கினாலே நின்னுடுவே. லீவுல பழகிக்கட்டும், நம்ம தெருக்காரர்தானேன்னு உங்கம்மா செங்கம்மா என்னை நம்பி அனுப்பினா. நான் என்ன பண்ணினேன்? உன் லீவையே நான் முழுங்கிட்டேன். நாளைக்கு கிளாஸ்ல உன்னை எழுப்பிப் படின்னா என்ன பண்ணுவே?

— படிப்பேன்.

— எங்க படிப்பே? ரோஷத்துல சொல்றே.

— நெஜம்மா தாத்தா... ஒண்ணு சொல்லட்டா? வேணாம். சத்தியம் பண்ணிட்டேன்.

— உங்கம்மாகிட்டயா? அவகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ பயப்படாதே. உனக்கு வாய் இருக்கு, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அந்த மாங்கா மண்டிக் கழுதை கதையிலே கடைசி ரெண்டு பக்கம் வரச்சே நான் தூங்கிட்டேன். கழுதை வீட்டுக்கு வந்துடுத்துன்னு நானா முடிச்சுச் சொன்னேன். நீ மேடத்துகிட்டப் போய், அது பங்காருபாளையத்துலயே ஒரு கிழவரோட தங்கிடுத்துன்னு சொன்னியே!

— அதான கத!

— அதுதான் கதை. அப்புறம் எடுத்துப் பாத்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. குருட்டாம்போக்குல சரியாச் சொல்லியிருக்கே.

— அய்ய, குருட்டாம்போக்குலயா? சரி, விடுங்க.

— விடத்தான் முடியலே. டாக்டர் வேற, இத்தனை நடந்தும் உமக்கு சக்கரை ஏன் ஓய் இறங்கலேன்னு மண்டையைப் பிச்சுக்கறார். போனைக் காட்டிட்டு நான் திருட்டு முழி முழிக்கறேன். போறாக்குறைக்கு, வர ஞாயித்துக்கிழமை அலிபிரியிலே ஜெயிச்ச பெரியவர்தான் கூட்டத்துக்கு முன்னாடி படி ஏறணுமாம். உங்க மாமி வஸுமதி தெரு முழுக்கச் சொல்லிட்டா. இந்த லைப்ரரிப் படி ஏறவே எனக்கு மூச்சு வாங்கறது.

— மாமி வருவாங்களா இன்னிக்கு? மாமிக்கு முட்டி வீங்கிக்கினு இருந்துச்சே.

— சொன்னா கேட்டாத்தானே! தினம் சாயங்காலம் கோவிந்தராஜர் சன்னதின்னு கிளம்பிடறா. ராத்திரி எண்ணெயைத் தேச்சுண்டு முனகறா. ஆத்துல உக்காந்து சேவிச்சா பெருமாள் வேண்டாம்னா சொல்றார்னு நேத்திக்குக் கூடச் சத்தம் போட்டேன்.

— மாமிய திட்டாதீங்க தாத்தா.

— ஏண்டி, உனக்கென்ன கண்ணு கலங்கறது?

— ஒண்ணுமில்ல. அதோ, மாமி வந்துட்டாங்க.

— வஸு, மெதுவா! அந்தத் தூணைப் பிடிச்சுண்டு ஏறு. ஆட்டோவை உள்ளயே விடச் சொல்லப்படாதோ?

— ஏன்னா, பேரைக் கூப்பிடற நேரத்துல ரெண்டு பேரும் செருப்பு விடற இடத்துல நின்னுண்டு என்ன பண்றேள்? அங்கவஸ்திரம் பாருங்கோ, ஒரு பக்கம் தரையிலே இழையறது. ஹரிதா, பொட்டு வெச்சுக்கலையா? இந்தா, என் பையிலே இருக்கு.

— வஸு, மேடைக்குப் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— வந்து சொல்லுங்கோ.

— இல்லே, இப்பவே. நான் நடக்கலே. லீவு முழுக்க ஒரு நாள் கூட நடக்கலே. தெரு முனையிலேயே ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்து ஃபேனுக்கு அடியிலே உக்காந்துடுவேன். இந்தக் குழந்தையோட புஸ்தகத்தைப் படிச்சுண்டு கிடப்பேன். என் நடையை இவ தலையிலே கட்டினேன். உன்கிட்ட வந்து கால் வலிக்கறதுன்னு நடிச்சேன். நீ வெந்நீர் வெச்சுக் குடுத்தே. எனக்கு வெக்கமா இருக்கு வஸு.

— சொல்லியாச்சா?

— ஆச்சு. உனக்குக் கோவம் வரலையா?

— கோவம் சித்திரையிலேயே வந்து போயிடுத்து.

— என்னது?

— மூக்குக்கண்ணாடியை ஆத்துல மறந்துட்டு வந்தேளே ஒரு நாள். கவுண்டர்ல குடுத்தது யாருன்னு நினைச்சேள்? நான்தான். ஜன்னல் வழியாப் பாத்தேன், நீங்க ஃபேனுக்கு அடியிலே. வெளியே வந்தா, வெயில்லே இந்தக் குழந்தை முகமெல்லாம் செவந்து பார்க்கைச் சுத்தி ஓடிண்டிருக்கு. இடுப்புல உங்க போன்.

— அப்பவே ஏன் என்னை வந்து கேக்கலே?

— மடப்பள்ளியை விட்டு வந்ததுலேருந்து நீங்க மோட்டுவளையைப் பாத்துண்டே கிடந்தேள். இந்த லீவுலதான் ஆத்துக்கு வந்து வாய் ஓயாம கதை சொன்னேள். கழுதை, காக்கான்னு சிரிச்சேள். சண்டை போட்டு அதை நிறுத்த எனக்கு மனசு வரலே. ஆனா செங்கம்மா பெத்த பொண்ணு உங்களுக்காக வெயில்லே ஓடறதைப் பாத்துண்டு சும்மாவும் இருக்க முடியலே. போனை அவுத்து வாங்கிண்டு, நீ உள்ளே போய்ப் படிடின்னேன்.

— அதான் தாத்தா, நா சத்தியம் பண்ணது மாமியாண்ட. மொத வாரம்தான் ஓடினேன். அப்பறம் பின்னாடி சின்னப் புள்ளைங்க ரூம்ல ஒக்காந்து படிச்சிக்கினு இருந்தேன். நீங்க படிச்சிட்டு வெக்கற புக்கத்தான் எடுப்பேன். மொதல்ல ஒத்து வந்தா கஷ்டமா இருந்துச்சு. இப்ப இல்ல.

— அப்போ அந்தக் கழுதை...

— நாந்தான் படிச்சேன். நீங்க முடிவ மாத்திச் சொன்னீங்க, எனக்கு சிரிப்பு வந்துச்சு. சொன்னா நீங்க கத சொல்றத நிறுத்திடுவீங்கன்னு சும்மா இருந்துட்டேன்.

— இரு, இரு. நீ உள்ளே படிச்சிண்டிருந்தே. நானும் உள்ளே. போன்ல நடை மட்டும் ஏறிண்டே இருந்துதே? வஸு... நீ கோவிந்தராஜர் சன்னதிக்கு...

— ஒரு நாள் கூடப் போகலே. இங்க பார்க்கைத்தான் சுத்தினேன். நீங்க கிளம்பற நேரத்துக்கு முன்னாடி போனை இவகிட்டக் குடுத்துட்டு நான் பஸ் ஏறிடுவேன்.

— அந்த முட்டியை வெச்சுண்டா? நான் வேற உன்னைச் சத்தம் போட்டேனே! ஐயோ, எதுக்கு வஸு?

— ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஏறினா பெருமாள் ஒத்துக்கறார்னு நீங்க சொன்னதா இவ சொன்னா. சரி, உங்களுக்காக நான் நடக்கறேன், உங்க சக்கரையை இறக்கட்டும்னு வேண்டிண்டேன். அவர் என்னமோ இறக்கலே.

— வஸு...

— தோதாத்ரி காரு, ஹரிதா! ஸ்டேஜ் மீதகி ரண்டி!

— தாத்தா, ஸ்ரீப்ரியா மேடம் கூப்புடறாங்க.

— நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டு போறது? குழந்தே, நீ படிச்சிருக்கே, சைக்கிள் உன்னோடதுதான். நடந்தது இவ. ஜோடி நீங்க ரெண்டு பேரும்தான், எனக்கு அங்க என்ன வேலை? மைக்ல சொல்லிடறேன், என் பேரை எடுத்துட்டு வஸுமதின்னு போடச் சொல்லி. வா வஸு, என் தோளைப் பிடிச்சுண்டு ஏறு.

— என்ன வேணாச் சொல்லிக்கோங்கோ. ஆனா ஞாயித்துக்கிழமை அலிபிரிக்கு மட்டும் நீங்களே போயிட்டு வந்துடுங்கோ. காலம்பற டாக்டர்கிட்ட முட்டியைக் காட்டினேன். இனிமே என்னால உங்களுக்காக நடக்க முடியாது.