ஏப்ரல் வலி

சாண்ட்விச்சுக்கு நன்றி. வான்கோழிக் கறியை இவ்வளவு தாராளமாக வைத்து இந்தக் கட்டடத்தில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நிர்வாகத்துக்கு நல்ல சாப்பாடு, விளையாட்டுக் கூடத்துக்கு ஆறிப்போன பீட்சா. ஹார்லன் ஃபோர்க் பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு ஆவணம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

கருவி பதிவு செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பெயர் மெர்ல் ஹோஸ்டெட்லர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பிசியோ. நீங்கள் இந்த விசாரணைக்காக நிர்வாகம் அமர்த்திய வழக்கறிஞர், இண்டியானாபொலிஸிலிருந்து வந்திருக்கிறீர்கள், கூடைப்பந்து பார்ப்பதில்லை என்றும் சொன்னீர்கள். நல்லதுதான். பார்க்கிறவர்கள் யாருக்கும் எதுவும் புரிவதில்லை.

நாங்கள் நடுத்தரம். பெரிய பல்கலைக்கழகங்களோடு மோத முடியாது, சிறியவற்றோடு மோதினால் மரியாதை இல்லை. நவம்பர் வந்தால் பேருந்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது ஒரு பெரிய இடத்துக்குப் போய் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்குவோம். அதற்கு அவர்கள் கூலி தருவார்கள். அந்தக் கூலியில்தான் எங்கள் நீச்சல் அணி நீந்திக்கொண்டிருந்தது. பிறகு அந்த அணியையும் கலைத்துவிட்டார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் பாம்கார்ட்னர் ஆகஸ்டு தோறும் ஒரு வாசகத்தைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டுவார். ஒரு வருடம் ‘எழுவோம்’. அடுத்த வருடம் ‘மேலும் எழுவோம்’. இரண்டுக்கும் நடுவில் என் சிகிச்சை அறையின் கூரை ஒழுகியதைப் பற்றி மூன்று கடிதம் எழுதினேன். வாளி ஒன்று அனுப்பினார்.

முன்பெல்லாம் ஒரு நல்ல பெண்ணை நாங்கள் கண்டுபிடித்தால் நான்கு ஆண்டுகள் எங்களோடு இருப்பாள். அந்த விதியை மாற்றினார்கள். இப்போது சீசன் முடிந்து ஏப்ரல் வந்தால் மாறுதல் பட்டியல் திறந்துவிடும். பெயரைப் போட்டால் போதும், எந்தப் பல்கலைக்கழகமும் அழைத்துக்கொள்ளலாம். எங்கள் கோச் ஸ்டக்கி ஒவ்வொரு ஏப்ரலிலும் என் அறைக்கு வந்து அழுவார். ஐம்பது வயது ஆள், அணியின் சின்னமான நீர்நாய் படம் போட்ட சட்டையின் கையில் மூக்கைத் துடைப்பார்.

“நான் கோச் இல்ல மெர்ல். நர்சரிக் கடை நடத்துறேன். செடி கொஞ்சம் வளர்ந்துட்டா போதும், எவனோ வந்து தொட்டியோட தூக்கிட்டுப் போயிடறான்.”

“அடுத்த செடியை நடு,” என்பேன். வேறென்ன சொல்வது. அவருக்குத் தெரிந்த வித்தை அழுவது மட்டும்தான்.

டாம்சின் ரூர்க் என்று ஒருத்தி இருந்தாள். முட்டியில் தசைநார் அறுந்து வந்தவள். ஒன்பது மாதம், ஞாயிறு உட்பட, காலை ஆறு மணிக்கு அவளுக்காக அறையைத் திறந்தேன். காலை மடக்கவே பயந்தவளைப் படிப்படியாக நடக்கவும் ஓடவும் துள்ளவும் வைத்தேன். அந்தச் சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவள் அவள். ஏப்ரலில் கைபேசியில் ஒரு வரி வந்தது. “எல்லாத்துக்கும் தேங்க்ஸ் மெர்ல்.” பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் இதயம். அடுத்த குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் புதிய சீருடையோடு நின்று, “என் முட்டியைச் சரி பண்ணினது இங்க இருக்கற டாக்டருங்கதான்” என்றாள்.

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் அணிக்காக.

அதற்கடுத்த ஆண்டு மரிபெல் ஓச்சோவாவுக்கு மார்ச்சில் தொடைத் தசை கிழிந்தது. உண்மையான காயம்தான், நான் ஒழுங்காகவே பார்த்தேன். ஆனாலும் மெதுவாகத்தான் ஆறியது. அவளைத் தேடி வந்த பெரிய இடங்கள், நொண்டுகிற பெண் எதற்கென்று ஒவ்வொன்றாக விலகின. மே மாதம் பட்டியல் மூடியது. ஜூனில் அவள் முயலைப் போல ஓடினாள். அடுத்த சீசனில் பதினோரு ஆண்டுக்குப் பிறகு லீக் கோப்பை எங்களுக்கு வந்தது. ஸ்டக்கி மறுபடி அழுதார், இம்முறை சந்தோஷத்தில். பாம்கார்ட்னர் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார். மே மாதம் வரை ஆறாத ஒரு தொடை இத்தனையும் செய்தது என்பதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான்.

அதன் பிறகு நான் செய்தது மிகச் சிறிய விஷயம். ஆறு வாரத்தில் ஆற வேண்டிய கணுக்கால் ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டது. அதற்காக நான் யாரையும் அடிக்கவில்லை, ஊசி போடவில்லை. இன்று தொடங்க வேண்டிய பயிற்சியைப் பதினைந்து நாள் கழித்துத் தொடங்கினேன். ஓய்வெடுக்க வேண்டியவளைக் கொஞ்சம் ஓடச் சொன்னேன். வீங்கியது. வீங்கத்தான் செய்யும்.

பெரிய பல்கலைக்கழகத்தின் பிசியோ எனக்குப் போன் செய்வான். அவனிடம் காயம்பட்டவர்களைத் தண்ணீருக்குள் ஓட வைக்கும் எந்திரமெல்லாம் உண்டு. என்னிடம் பாம்கார்ட்னர் கொடுத்த வாளி.

“உள்ளதைச் சொல்லு மெர்ல். பொண்ணு தேறுவாளா, மாட்டாளா?”

“மருத்துவ ரகசியம்ப்பா. நான் வாயைத் திறக்கக் கூடாது.”

அதுதான் சட்டம். அந்த வார்த்தைகளுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். பெருமூச்சைப் பற்றி எந்தச் சட்டத்திலும் இல்லை, நான் படித்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு கோப்பைகள் வந்தன. ஒரு விருந்தில் பாம்கார்ட்னர் என் தோளில் கை போட்டு, “என்ன மந்திரம் போடறியோ தெரியலப்பா, விடாம போடு” என்றார். அவருக்குத் தெரியுமா என்று காலையில் கேட்டீர்கள். தெரியாது. அவரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு அவரிடம் சரக்கு இல்லை.

இனி கெசியா லாஃப்டன். நீங்கள் வந்ததே அவளுக்காகத்தானே.

கேரி என்ற ஊரிலிருந்து வந்தவள். அப்பா இல்லை, அம்மா வெர்னிஸ் அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் பார்த்த பெண்களிலேயே நல்ல ஆட்டக்காரி. மற்றவர்கள் துண்டைத் தரையில் எறிந்துவிட்டுப் போவார்கள், இவள் எல்லாருடையதையும் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். போன வருடம் பிப்ரவரியில் பாதத்தின் மேல்பக்கம் வலிக்கிறதென்று வந்தாள். அங்கே நடுவில் படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு உண்டு. கட்டைவிரலால் ஒரே ஒருமுறை அழுத்தினேன். அவள் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி ஸ்கேனுக்கு அனுப்பினேன். எலும்பில் மயிரிழை விரிசல் என்று அறிக்கை வந்தது. அறிக்கைகள் என் மேசைக்குத்தான் வரும். அணி மருத்துவர் விட்லோ வியாழக்கிழமைகளில் வருவார், நான் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவார், கோல்ஃப் விளையாடப் போவார். நான் நீட்டாத தாளைப் பற்றி இதுவரை அவர் கேட்டதில்லை.

மாவுக்கட்டுப் போட்டு எட்டு வாரம் காலை ஊன்றாமல் வைத்திருந்தால் அது ஆறிவிடும். ஜூனில் ஆட வந்திருப்பாள். பெரிய இடங்கள் ஜூன் வரை காத்திருக்கும், அவள் அப்படிப்பட்ட ஆட்டக்காரி. கட்டுப் போட்ட எலும்பைக் கண்டு அவர்கள் பயப்பட மாட்டார்கள். பெயர் தெரியாத வலிக்குத்தான் பயப்படுவார்கள்.

“ஸ்கேன்ல என்ன வந்திருக்கு மெர்ல்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமலா இப்படி வலிக்கும்? படி இறங்கறப்ப உயிர் போகுது.”

“தசைநார் கொஞ்சம் சோர்ந்திருக்கு. ஆட ஆட சரியாயிடும்.”

“அப்ப நானாத்தான் பெருசு பண்றேனா?”

அவளே தலையை ஆட்டிக்கொண்டு ஷூவை மாட்டினாள். மார்ச் முடியும் வரை ஒரு போட்டியையும் தவறவிடாமல் அந்தக் காலிலேயே ஆடினாள்.

ஏப்ரலில் மூன்று பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன. இரண்டு என் பெருமூச்சோடு நின்றுகொண்டன. மூன்றாவது, நேரில் வந்து ஓடிக் காட்டச் சொன்னது. போனாள். அரைமணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என் சிகிச்சை மேசையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“எங்கம்மா டெப்போ முழுக்கச் சொல்லிட்டாங்க மெர்ல். எம்பொண்ணு பெரிய இடத்துக்குப் போறான்னு. நான் இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போன் பண்றது?”

“அவனுங்க கிடக்கறானுங்க. நாங்க உன்னை விட மாட்டோம்” என்றேன். முழு உண்மை. சுத்தமான துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பரில் முதல் போட்டி, சொந்த ஊரில். அரங்கத்தில் பாதி இருக்கை காலி. ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் யாரும் தொடாமலே விழுந்தாள். எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. முதல் அறுவையில் திருகாணி வைத்தார்கள். இரண்டாவதில், ஒரு துண்டு செத்துப்போயிருப்பதைப் பார்த்து எடுத்துவிட்டார்கள். இனி ஓட முடியாது. மழைக்காலத்தில் கைத்தடி வேண்டியிருக்கும் என்றார்கள். ஆனால் எல்லாக் காலத்திலும் வேண்டியிருக்கிறது. அறுவை செய்தவர் சின்ன வயது டாக்டர், ஆர்வம் அதிகம். இது நாள்பட்ட விரிசல் ஆயிற்றே என்று பழைய படங்களைக் கேட்டார். ஸ்கேன் நிலையம் அனுப்பிவிட்டது. இப்படித்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

அறிக்கையை மறைத்தேன் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அவளுடைய கோப்பில், தேதி வரிசையில், அதற்குரிய இடத்திலேயே இருக்கிறது. எதையும் நான் கிழித்ததில்லை. கிழிப்பது திருடர்களின் வேலை.

டிசம்பரில் வெர்னிஸ் என்னைப் பார்க்க வந்தார். வேலைக்குப் போகிற சீருடையிலேயே இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார், கையில் பீச் பழக் கேக்.

“எத்தனையோ பேர் வந்தாங்க, பூங்கொத்து கொடுத்தாங்க, போயிட்டாங்க சார். எம்பொண்ணை உங்க சொந்தப் பொண்ணாட்டம் பார்த்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். அவளே சொன்னா.”

வாங்கிக்கொண்டேன். கேக் பரவாயில்லை, ஓரம் மட்டும் கருகியிருந்தது. வருடக்கணக்காகப் பேருந்து ஓட்டுகிறவர், மகள் பிப்ரவரியிலிருந்து நொண்டுவதைப் பார்த்துவிட்டு வேறொரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. நன்றி சொல்ல மட்டும் தெரிகிறது.

நீங்கள் ஒரு பெயரைத்தான் கேட்டீர்கள். மொத்தம் ஆறு. மற்ற ஐந்தையும் எழுதித் தருகிறேன், எந்தக் கால், எத்தனை வாரம் என்ற விவரத்தோடு. காயம் என்னவென்று தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். ஆறக் கூடாது என்பதற்காகவே சிகிச்சை கொடுத்தேன். ஆறு பேருக்கும் நான்தான் செய்தேன், வேறு யாரும் இல்லை. ஸ்டக்கியை இதில் இழுக்க வேண்டாம், மறுபடி அழ ஆரம்பித்துவிடுவார். கோப்பைகளைத் திருப்பித் தரச் சொல்வார்களா என்றுதான் பாம்கார்ட்னர் கேட்பார், பாருங்கள்.

கெசியா இந்த ஜனவரியிலிருந்து என் அறையில்தான் வேலை பார்க்கிறாள். வகுப்பு முடிந்ததும் வருவாள். மற்ற பெண்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், நன்றாகப் போடுகிறாள். அதிகம் பேச மாட்டாள். மாலை ஐந்து மணிக்கு மேல் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்போம், அவள் ரேடியோ வைப்பாள். இந்த இருபத்திரண்டு ஆண்டில் அந்த அறை இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

இன்று நான்கு மணிக்கு அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் என்னிடம் விடுங்கள். நானே சொல்கிறேன், அவள் புரிந்துகொள்வாள். மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். இங்கேயே இருப்பதென்று தானாக முடிவெடுத்தவள் அவள் ஒருத்திதான்.