குழலுக்குள் தெரிந்த கண்

என்னைத் தெருவில் டெய்லரக்கா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில், நீலக் கதவு போட்ட கீழ்வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். கணவர் வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலர். இன்று ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கணவர் பெயரில் உரிமம் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் படுக்கையறைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பார். சாவி அவர் இடுப்பில் இருக்கும். தோட்டாக்கள் வேறு அறையில் வேறு பெட்டியில் பூட்டியிருக்கும். அந்தச் சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

போன வருடம் கணவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. துப்பாக்கியைப் பிடிக்கவும் சுடவும் தடையில்லை என்று மருத்துவர் சான்று கொடுத்துவிட்டார். ஆனால் துடைக்கும் கம்பியைத் திருகித் திருகி இழுக்க மட்டும் அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் துடைத்து வருகிறேன். அவர் இல்லாமல் ஒருநாளும் தொட்டதில்லை.

இன்று காலை பத்து மணிக்கு அவர் துப்பாக்கியை எடுத்து மடித்துத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்தார். அதன்பின் விரல் விட்டும் பார்த்தார். "கண்ணு பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பார். அதன்பின் என்னையும் பார்க்கச் சொன்னார். அதன்பின் குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் கழற்றி மேஜையில் விரித்த பழைய போர்வைமேல் வைத்தோம். நான் தூரிகை விட்டுக் கரியை எடுத்து, பிளவுஸ் லைனிங்கில் மிஞ்சிய துணியைச் சதுரமாக வெட்டிக் கம்பியில் கோத்து, துணி வெள்ளையாக வரும்வரை ஒன்பது தடவை இழுத்தேன். அதன்பின் ஒரு துளி எண்ணெய் தொட்டு இழுத்தேன். எண்ணெய் அதிகமானால் அதுவே அழுக்கைச் சேர்க்கும்.

அதன்பின் உள்ளே சுத்தமா என்று பார்க்க, கழற்றிய குழலை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை வைத்தேன். ஜன்னலுக்கு எதிரே கணக்கு வாத்தியார் வீட்டு மாடி. அவர் அப்போது கொடியில் படுக்கை விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பார்த்தது வெளிச்சத்தை. அவர் பார்த்தது இரண்டு ஓட்டையை, அதில் ஒன்றுக்குள் என் கண்ணை. விரிப்பு தெருவில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் குழலை இறக்கினேன். அதற்குள் அவர் ஒற்றைச் செருப்போடு தெருமுனை தாண்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது உண்மை. நான் தைத்த சட்டையில் ஒரு கை குட்டையாகிவிட்டது என்று சத்தம் போட்டார். "ஒரு கைதானே வாத்தியாரே, ஒரு கை பாத்துடறேன், போங்க" என்று நான் சொன்னதும் உண்மை. நான் சொன்னது சட்டையின் கையை.

இன்று வாத்தியார் ஓடியது நேரே நிலையத்துக்கு; அங்கே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன்பின் காவலர் இருவர் வந்து, துப்பாக்கியோடு எங்களை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். உரிமம் போனால் வேலையும் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

நிலையத்தில் ஆயுத அறைத் தலைமைக் காவலர் குழலைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இதைத் துடைச்சது? புதுசு மாதிரி இருக்கு" என்றார். நான் கணவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து, "என் வீட்டுக்காரிதான் சார். வங்கியில சோதனை பண்ணப்போ என்னைத்தான் பாராட்டினாங்க. நானும் வாங்கி வச்சுக்கிட்டேன்" என்றார். இருபத்துமூன்று வருடத்தில் நான் தைத்த எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. இடம் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அதன்பின் ஆய்வாளர் கேட்டபடி, எல்லாவற்றையும் மறுபடி கழற்றித் துடைத்து மாட்டிக் காட்டினேன். வாத்தியாரும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, தனிக் குழலில் கட்டையும் இல்லை, விசையும் இல்லை என்பதைத் தொட்டுப் பார்த்தார். தானும் ஒரு கண்ணை வைத்தார். "அடேயப்பா, கண்ணாடி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

தலைமைக் காவலருக்கு ரோஷம் வந்து, "எங்களுதையும் பாரும்மா" என்று நிலையத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்துவந்து, தோட்டா இல்லை என்று காட்டி, கழற்றித் தந்தார். நான் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது குழலில் வெளிச்சம் இருந்தது. இடதில் இருட்டாக இருந்தது. "அய்யா, இதுல ஏதோ அடைச்சிருக்கு" என்றேன். அவர் கம்பியை விட்டு இடித்தார். காய்ந்த மண்ணும் ஒரு குளவிக் கூடும், வாத்தியார் எழுதிக் கொடுத்த புகார்மேலேயே கொட்டின. நாளைக் காலைப் பயிற்சியில் அதைச் சுட வேண்டியவர் வாசலில் நின்ற இளவயதுப் பெண் காவலர். அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடித்து முகத்தில் அடிக்கும் என்று கணவர் சொன்னார். அந்தப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தி ஆய்வாளரைப் பார்த்தார். "அதையும் எழுதுய்யா. நம்ம வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும்" என்றார் ஆய்வாளர். முதலில் சிரித்தவர் வாத்தியார். அதன்பின் எல்லோரும் சிரித்தோம். கணவர் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதன்பின் வாத்தியார் புகாரிலிருந்த மண்ணை உதறி, வாபஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டார். உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்து, தோட்டா இல்லாமல் துடைத்ததில் தவறு காணவில்லை என்று சொன்ன ஆய்வாளர், இங்கே இன்னும் ஐந்து துப்பாக்கி இருப்பதாகவும், ஒருநாள் வந்து ஆட்களுக்குக் காட்டித்தர முடியுமா என்றும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கணவர், "அவளுக்குத் தையல் வேலை நிறைய இருக்கு சார். ஆனா வருவா. நான் கூட்டிட்டு வரேன்" என்றார். வருகிறேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் பட்டிருக்கும் எண்ணெய்க் கறையும் என்னுடையதே.

(ஒப்பம்)
டெய்லரக்கா