பதினேழு சிரிப்பும் ஒரு சொட்டும்

என் மனைவி தௌலத்தின் சிரிப்புக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். சதுர மீட்டருக்கு இருநூற்றுப் பத்து பவுண்டு. கூரை ஒழுகாமல் ஒட்டும் தார் ஷீட், அதை உருக்கும் காஸ், கூலி எல்லாம் அடக்கம்.

நீங்கள் நீட்டும் விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஒரு வரி மட்டும் தவறு. பையூமி மேஸ்திரி தார் ஷீட்டைச் சரியாக ஒட்டாததால் சாமான் அறைக் கூரை இடிந்து, அவனே அடியில் சிக்கி இறந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு வியாபாரி. செத்துப்போனவன் சரக்கை அநியாயமாகக் குறை சொல்ல மனம் வரவில்லை.

நவம்பர் மழையோடு அடிக்கும் துடைப்பப் புயல் அலெக்சாந்திரியாவுக்கு வருமுன் கூரையை மூடிவிட வேண்டும் என்று அவனை அழைத்தது நான்தான். இருநூற்று நாற்பதில் தொடங்கினான். முப்பது வருஷம் துணிக்கடையில் உட்கார்ந்தவனிடம் அதெல்லாம் செல்லுமா? வேலை தொடங்கிய அன்று தௌலத் தேநீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் படியில் நின்றேன்.

"என்ன மேஸ்திரி, மூஞ்சி பூரா தாரு. வீட்ல கண்ணாடி இல்லயா?"

"இருக்குக்கா. என்னையப் பாத்துட்டு அதுதான் சுவரு பக்கம் திரும்பிக்கிச்சு."

அவள் சிரித்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. உள்ளே இப்படி ஒரு சரக்கு இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டியதே இல்லை. அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். வேலை நடந்த பதினொரு நாளில் பதினேழு.

அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதை நான் மறைக்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு குறை கண்டேன். ஒரு ஷீட்டின் மேல் அடுத்தது நான்கு விரல் ஏறிப் படிய வேண்டும். படுக்கையறைக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு இரண்டு விரல்தான் ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தௌலத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"மனுசன்தானே. சொன்னா ஒட்டிக் குடுத்துட்டுப் போறாரு. உங்களுக்கு எதுலதான் நொட்டை இல்ல?" என்றாள்.

அதனால் அவனிடம் நான் சொல்லவில்லை.

ஒட்டி முடித்தால் தண்ணீர் கட்டிப் பார்ப்பது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். கூரையின் வடிகுழாயை அடைத்து, நான்கு விரல் உயரம் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் நிறுத்துவார்கள். கீழே உட்கூரை காய்ந்திருந்தால் வேலை தேறியது. எங்கள் வீட்டில் முதல் நாளே படுக்கையறையில் ஒரு சொட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று. அவன் சாக்குச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

"என் தப்புதான் ஹாஜியாரே. பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன். நாளைக்கு மேல ஒரு துண்டு போட்டு ஒட்டிர்றேன், கூலி வேணாம்."

தௌலத் அவனைப் பார்த்த பார்வையை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

மறுநாள் அவளை ரஷீத் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். மேஸ்திரியிடம், எல்லா ஓட்டையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம், சாமான் அறைப் பக்கம் கைப்பிடிச் சுவர் மட்டம் வரை நிரப்புவோம் என்றேன். அந்தப் பகுதி சுற்றிலும் சுவர் எழுப்பிய தொட்டி மாதிரி தனியாக இருக்கும். அவன் தயங்கினான்.

"அவ்ளோ தண்ணியா? உத்தரமெல்லாம் கெட்டியா இருக்கா ஹாஜியாரே?"

"எங்க தாத்தா போட்ட மரம். நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறமும் நிக்கும்," என்றேன்.

போன குளிர்காலத்தில் அதே உத்தரத்தில் என் கடைச் சாவியை அழுத்திப் பார்த்திருந்தேன். பாலாடைக்கட்டியில் இறங்குவது போல இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. அப்போது சொல்ல அவசியமும் இல்லை.

அவனைக் கீழே சாமான் அறையில் ஸ்டூலில் உட்காரவைத்து, அண்ணாந்து சொட்டைப் பார்க்கச் சொன்னேன். மேலே வடிகுழாயை என் கடைத் துண்டுத் துணிகளால் இறுக்கி அடைத்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மாடிப்படியின் மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்தப் படி தனிக் கட்டுமானம், ஆடாது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். நடுநடுவே கீழே குரல் கொடுத்தேன்.

"ஒண்ணும் சொட்டலையே, மேஸ்திரி?"

"ஒரு பொட்டு இல்ல ஹாஜியாரே," என்றான். குரலில் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை நியாயமானது, அதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். நான்கு டன் தண்ணீர், ஐயா. ஷீட் கடைசிவரை விடவில்லை, உத்தரம்தான் விட்டது. தௌலத்திடம் நான் குறை சொன்ன அளவுக்கு அவன் மட்டமான வேலைக்காரனாக இருந்திருந்தால் தண்ணீர் ஒழுகிப் போயிருக்கும், அவனும் ஈரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பான். அவன் சாகும்படி நிரப்பியது நான். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கான்கிரீட் போட்டு, வேறு ஆளை வைத்துப் புது ஷீட் ஒட்டினேன். அவன் வாய் திறக்காத ஆள். ஒரு சொட்டு இல்லை. தௌலத் வெள்ளிக்கிழமைதோறும் ஏழைகளுக்குத் தர ரொட்டி எடுத்துக்கொண்டு பையூமியின் கல்லறைக்குப் போய் வருகிறாள். மற்ற நாட்களில் உட்கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நேற்று என் மூஞ்சியில் தாரைப் பூசிக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன். கண்ணாடி விஷயத்தையும் அவன் சொன்னபடியே சொன்னேன்.

அவள் பழக வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இப்போது அவளுக்கு வேறு ஆள் கிடையாது. அவன் பேரில் போனது பதினேழு. எனக்கு வந்தது இதுவரை ஒன்றுமில்லை. பாக்கி பதினேழு.